மலை வீட்டுச் சுவருக்குப் பைச் சுண்ணாம்பு: கவிஞர் இல்லம் காப்போர்க்கு ஒரு மதிப்புரை

பழைய மலை வீடு ஒன்றைக் கவிஞர் நினைவில்லமாகவும் ஊர்ப் படிப்பகமாகவும் மாற்ற ஒரு குழு முடிவெடுத்தால், அதன் செலவுப் பட்டியலில் அலமாரிக்கும் நாற்காலிக்கும் முன்னால் வரவேண்டியது சுவர்ப் பூச்சு. இன்று அந்த இடத்தில் பலரும் பரிந்துரைப்பது என்.எச்.எல். 3.5 என்று அச்சிட்ட 25 கிலோ சுண்ணாம்புப் பை. ‘நேச்சுரல் ஹைட்ராலிக் லைம்’ என்பதன் சுருக்கம்; தண்ணீர் சேர்ந்தால் தானே இறுகும் சுண்ணாம்பு இது. பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து இறக்குமதியாகிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மழை அறையும் வெளிச்சுவர், புகைபோக்கி, தரையை ஒட்டிய அடிச்சுவர் ஆகிய மூன்றுக்கும் வாங்கலாம். உள் அறைகளுக்கு வேண்டாம். அங்கே தொட்டியில் ஊறிய உள்ளூர்ச் சுண்ணாம்பே போதும், அதுவே நல்லதும்கூட. சிமென்ட் கல்லில் கட்டிய வீட்டுக்கு இரண்டுமே வேண்டாம்.

கவிஞர் வீடு என்றதும் நினைவுக்கு வருபவை சமவெளி வீடுகள்: எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, 1908 முதல் 1918 வரையிலான புதுச்சேரி வாழ்வை நினைவூட்டும் ஈசுவரன் தருமராஜா கோயில் தெரு வீடு, கடைசிக் காலத்துத் திருவல்லிக்கேணி வீடு, புதுச்சேரிப் பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு. அங்கே செய்ததைப் பார்த்துவந்து அப்படியே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்ய முடியாது. கடலோர ஊரில் சுவரைத் தின்பது உப்புக்காற்று. மலையில் தின்பது ஓதம். மலையிலேயே முன்மாதிரி பார்க்க வேண்டுமென்றால் கோத்தகிரி கன்னேரிமுக்கில், ஆங்கிலேயர் காலத்தில் கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவனின் பங்களா இருக்கிறது. சல்லிவன் கவிஞரல்லர், ஆனால் பாழடைந்த மலை வீட்டைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியது என்ற வகையில் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

நூறாண்டு கடந்த மலை வீடுகளின் சுவர் பெரும்பாலும் 15 முதல் 24 அங்குலத் தடிமன். கல்லோ செங்கல்லோ, இடையில் மண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து. அடியில் ஈரத் தடுப்பு எதுவும் கிடையாது. நிலத்திலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தை இழுத்து, வெயில் வந்ததும் பூச்சு வழியே வெளியே விடுவதுதான் இந்தச் சுவரின் ஏற்பாடு. இதன்மேல் சிமென்ட் பூசினால் உள்ளே போன ஈரம் வெளியேற வழியின்றி நிற்கும். சிமென்ட் பூச்சில் முடியளவு விரிசலாவது விழாமல் இருக்காது. அதன் வழியே மழை போகும், திரும்பி வராது. பிறகு அந்த ஈரம் உட்புறமாக நடக்கும். முழங்கால் உயரத்தில் எமல்ஷன் கொப்புளிக்கும், உப்பு பூக்கும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும். அறையின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியின் பின்வரிசை நோட்டுகள்தான் முதலில் போகும். கையெழுத்துப் பிரதிகளைக் காக்க ஈரமுறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா என்று பல குழுக்கள் கேட்கின்றன. சுவர் நனைந்திருக்கும்வரை அது இரவும் பகலும் ஓடி மின்கட்டணத்தை ஏற்றுமே தவிர, அறையை உலர்த்தாது.

பையைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டியவையே இந்த வேலையில் பாதி. மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணில் புதைந்திருக்கும். வெளித்தரை உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மண்ணை எடுத்து, சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி, சரளை நிரப்பிய வாய்க்கால் போட்டுத் தண்ணீரைச் சரிவில் இறக்க வேண்டும். நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கு அனுமதி வாங்கியாக வேண்டும். அனுமதி கிடைத்தாலும் மண் சாந்துச் சுவரின் பக்கத்தில் அந்த அதிர்வு ஆகாது. ஆள் வைத்துக் கையால் வெட்டுங்கள். கூரையில் நழுவிய மங்களூர் ஓடு, துருப்பிடித்த தகரம், இலை அடைத்த கூரையோர வாய்க்கால் எல்லாம் சரியான பிறகே சுவர். கூரை ஒழுகும் வீட்டில் பூசிய சுண்ணாம்பு, எந்த நாட்டுப் பையாக இருந்தாலும், இரண்டு மழையைத் தாங்காது.

பழைய சிமென்ட் பூச்சை உளியால் மெதுவாக எடுக்க வேண்டும், இயந்திரம் வேண்டாம். முதலில் ஒரு சதுர அடி எடுத்துப் பாருங்கள். செங்கல்லின் மேல்தோலும் சேர்ந்து உரிந்து வந்தால் அந்தப் பகுதியை இப்போதைக்கு விட்டுவிட்டு, பொள்ளென்று கேட்கும் இடங்களை மட்டும் எடுப்பது உத்தமம். எடுத்த சுவரை ஒரு வறண்ட பருவமாவது திறந்தே விட வேண்டும். ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது பொதுக்கணக்கு. 18 அங்குலச் சுவர் முழுக்க உலரக் காத்திருக்க முடியாது, மேல் இரண்டு மூன்று அங்குலம் உலர்ந்தால் தொடங்கலாம். திறப்பு விழாத் தேதியை முடிவு செய்துவிட்டு வேலை தொடங்கும் குழுக்கள் தவறாமல் தவிர்ப்பது இந்தக் காத்திருப்பைத்தான்.

இனி பை. மேலட்டையில் என்.எச்.எல். என்ற மூன்று எழுத்தும் இருக்கிறதா பாருங்கள். வெறும் எச்.எல். என்றோ எஃப்.எல். என்றோ இருந்தால் அதில் சிமென்ட்டோ வேறு சேர்மானமோ கலந்திருக்கலாம். ஐரோப்பியத் தர விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. பக்கத்திலுள்ள 2, 3.5, 5 என்ற எண்கள் 28 நாளில் எட்ட வேண்டிய குறைந்தபட்ச அழுத்த வலிமை, மெகாபாஸ்கலில். எண் கூடக் கூட இறுக்கம் கூடும், ஈரம் கடக்கும் வழி குறையும். 5 வாங்கினால் இன்னும் உறுதி என்று கடைக்காரர் சொல்வார். மண் சாந்துச் சுவருக்கு அந்த உறுதியே வினை: பூச்சு சுவரைவிடக் கடினமாக இருந்தால், சுவர் சிறிது அசையும்போது பூச்சு பாளம் பாளமாகக் கழன்று வரும். வெளிப்புறத்துக்கு 3.5, மென்மையான செங்கல்லுக்கு 2, இதற்கு மேல் போக வேண்டாம். நம் நாட்டுத் தர விதியான ஐ.எஸ். 712-லும் இறுகும் திறனை வைத்துத்தான் ஏ, பி, சி என்று பிரிக்கிறார்கள். வெள்ளையடிக்கவும் மேல்பூச்சுக்கும் சொல்லப்படுவது இறுகும் திறன் அற்ற சி வகை.

சந்தேகம் வந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். மாவைப் பிசைந்து எலுமிச்சை அளவில் இரண்டு உருண்டை பிடித்து, ஈரத்துணி போர்த்தி இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு ஒன்றைத் தண்ணீரில் போடுங்கள். நீரில் இறுகும் வகையென்றால் உருண்டை உருண்டையாகவே கிடக்கும்; சாதாரணச் சுண்ணாம்பு குழைந்துவிடும். காலையில் பிடித்த உருண்டை மாலைக்குள் நகம் பதியாத அளவு கல்லாகிவிட்டால் சிமென்ட் கலப்பைச் சந்தேகிக்கலாம்.

மணலில்தான் பெரும்பாலான வேலைகள் கெடுகின்றன. மலைக்கு மணல் கீழேயிருந்துதான் வர வேண்டும். இப்போது வருவது பெரும்பாலும் எம் சாண்ட். அதில் கல் மாவு அதிகம் இருந்தால் பூச்சில் சிலந்திவலை போல விரிசல் விழும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கிச் சில மணி நேரம் விடுங்கள். மேலே படியும் சேற்றுப் படலம் மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அந்த லோடைக் கழுவாமல் தொடக்கூடாது. மணல் ஈரமாக இருந்தால் அளவும் ஏமாற்றும். 5 சதவீத ஈரத்திலேயே மணல் கால் பங்கு வரை உப்பிவிடும். சட்டிக் கணக்கில் அளக்கும்போது மணல் குறைந்து சுண்ணாம்பு கூடிவிடும், மறுபடியும் விரிசல்தான். மழைக்காலத்தில் மணலைத் தார்ப்பாய் போட்டு மூடியே வைக்க வேண்டும்.

அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்பு 1 சட்டி, மணல் 2½ சட்டி. 25 கிலோ பை அளவில் 35 முதல் 40 லிட்டர் வரும். அதற்குச் சுமார் 95 லிட்டர் மணல். சுண்ணாம்பு மணலின் இடுக்கை நிரப்புவதால் கிடைக்கும் கலவையும் ஏறக்குறைய மணலின் அளவுதான். ஆக, 10 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பைக்கு 100 சதுர அடி. 400 சதுர அடி வெளிச்சுவருக்கு இரண்டு பூச்சாக 20 மில்லிமீட்டர் போட்டால் 8 பை. கற்சுவரின் மேடுபள்ளம் நிரப்ப மேலும் இரண்டு மூன்று பை சேர்த்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியலில் விற்பனையாளர் காட்டும் பரப்பு எப்போதும் மட்டமான சுவரை மனத்தில் வைத்துப் போட்டது.

தண்ணீர் குறைவாக ஊற்ற வேண்டும். கரணையில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பினால் கலவை சட்டென்று விழாமல் ஒட்டி நிற்பதே பதம். உலர்கலவையை ஐந்து நிமிடம் புரட்டி, தண்ணீர் சேர்த்து, மொத்தம் இருபது நிமிடமாவது கலக்கினால் சுண்ணாம்பு தானே குழைந்து கொடுக்கும். சிமென்ட் பழக்கத்தில் மூன்று நிமிடத்தில் இறக்கிவிட்டு, ஓடவில்லை என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவது கொத்தனார்கள் வழக்கம். சுவரை முந்தின நாளே நன்றாக நனைத்து, பூசும் முன் மறுபடி தெளிக்க வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பூச்சு இறுகாமல் மாவாய் உதிரும். முதல் பூச்சு 10 மில்லிமீட்டர், மேலே கீறல் போட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்று விட்டு அடுத்தது. மறுநாள் மயிரிழை விரிசல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நீர் தெளித்து மணியாசுக் கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும். மூன்றாம் நாளுக்கு மேல் அது நடக்காது. ஒரு வாரம் ஈரச்சாக்கு தொங்கவிட்டு வெயிலும் காற்றும் மழையும் நேரே படாமல் காக்க வேண்டும். இரும்புக் கரணையால் பளபளவென்று இழுக்கக் கூடாது. மேலே படலம் கட்டி உள்ளே காற்று போகாது. கொத்தனாருக்கு இது மனக்குறைதான், வேலை முடிந்த மாதிரியே இருக்காது என்பார்.

எந்த மாதத்தில் செய்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரைத் தொடவே வேண்டாம். குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில் நனைபவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆகாது. ஊட்டிக்கு இரண்டு மழையும் உண்டு, போதாததற்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனி. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளில் புதுப்பூச்சில் உள்ள தண்ணீர் உறைந்து விரிந்து பூச்சை உள்ளிருந்தே உடைக்கும். காலையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிப்ரவரியில் தொட்டால் உதிரும். ஊட்டியில் மார்ச், ஏப்ரலே பாதுகாப்பான காலம். கொடைக்கானலில் பிப்ரவரி நடுவிலிருந்து தொடங்கலாம். மே மாதச் சீசனில் மலைப்பாதையில் ஒருவழிப் போக்குவரத்தும் நெரிசலும் இருக்கும், மணல் லாரி சொன்ன நாளில் வராது. பொருளை ஏப்ரலுக்குள் ஏற்றிவிடுங்கள்.

உள் அறைகளுக்கு ஊறல் சுண்ணாம்பு என்றோம். நல்ல சுட்ட சுண்ணாம்பு 50 கிலோவைத் தண்ணீர் விட்டு நீற்றினால் 80 முதல் 100 லிட்டர் வெண்ணெய்ப் பதக் குழம்பு கிடைக்கும். மணல் மூன்று பங்கு சேர்த்தால் 10 மில்லிமீட்டர் கனத்தில் 250 முதல் 300 சதுர அடி வரை பூசலாம். விலை பைச் சுண்ணாம்பில் ஒரு சிறு பங்கே. ஆனால் சுட்ட கல்லாக மலையேற்றுவது ஆபத்து. வழியில் மழை பட்டால் கொதித்து உப்பும், மூட்டையும் தார்ப்பாயும் தீப்பிடிக்கக்கூடும். கீழே நீற்றி, மூடியுள்ள டிரம்மில் குழம்பாகக் கொண்டுவந்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்க வைத்திருங்கள். குறைந்தது ஒரு மாதம், மேல்பூச்சுக்கு மூன்று மாதம் ஊற வேண்டும். நீறாத துணுக்கு உள்ளே தங்கினால் பூசி வாரங்கள் கழித்து அது மலர்ந்து சுவரில் குழிகுழியாகத் தெறிக்கும். நீற்றும்போது கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஊறல் சுண்ணாம்பு காற்றில் உள்ள கரியமிலவாயுவைக் குடித்து இறுகுவது, அதனால் மெதுவாகத்தான் ஆகும். சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் வாயு உள்ளே போகாது. ஊட்டியின் ஜூலை மாதத்தில் ஊறல் சுண்ணாம்பு வாரக்கணக்கில் களிமண்ணாகவே இருக்கும். கொஞ்சம் சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் இளஞ்சூட்டில் வெந்த செங்கல்லைப் பொடித்துச் சேர்க்கலாம்: சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. பை வாங்கப் பணமில்லாத குழு அடிச்சுவருக்கும் இதையே போடலாம், குறை சொல்ல மாட்டோம். கடுக்காயும் வெல்லமும் சேர்க்கச் சொல்லி யாராவது ஒருவர் கட்டாயம் வருவார். சமவெளியில் அது சோதித்துத் தேறிய முறை. ஈரம் வற்றாத மலை அறையில் வெல்லம் பூஞ்சணத்துக்குத் தீனி. ஏடும் நோட்டும் வைக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

வீடு ஊருக்குத் திறந்த பிறகுதான் பூச்சின் உண்மையான சோதனை. உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரைக் காற்றில் விடுகிறார். நாற்பது பேர் இரண்டு மணி நேரக் கவியரங்கம் கேட்டால் 4 லிட்டர். குளிருக்குச் சன்னலைச் சாத்தியிருப்பார்கள். எமல்ஷன் அடித்த சிமென்ட் சுவரில் அது வழியும். சுண்ணாம்புச் சுவர் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். இந்த ஒரு குணத்துக்காகவே உள் அறையில் ஊறல் சுண்ணாம்பைச் சொல்கிறோம், 3.5-ம் இதைச் செய்யும், குறைவாக.

குறைகளும் உண்டு. சாய்ந்து உட்காருபவர் முதுகில் வெள்ளை ஒட்டும். அதற்காகக் கீழ்ப்பகுதிக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் ஓதம் அந்தக் கோட்டுக்கு மேலே ஏறி நிற்கும். பின்னால் விரற்கடை இடைவெளி விட்டு மரப்பட்டி அடிப்பதே வழி. ஆணியும் பிளக்கும் சுண்ணாம்பில் நிற்காது. கவிஞரின் மாலையிட்ட படம் கனமானது. கூரையை ஒட்டி ஒரு மரப்பட்டியைச் சுவரின் கல்லில் முடுக்கி, அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். ஒயரிங் பூச்சுக்கு முன்பே முடிய வேண்டும். பின்னால் வரும் எலக்ட்ரீசியன் வெட்டிய இடத்தைச் சிமென்ட்டாலோ பாரிஸ் சாந்தாலோ அடைப்பார். அந்த ஒட்டு ஒவ்வொரு மழையிலும் கறுப்பாகத் தெரியும்.

புதுப்பூச்சு போட்ட அறைக்குள் கையெழுத்துப் பிரதிகளை உடனே கொண்டுவராதீர்கள். பூச்சு மாதக்கணக்கில் தண்ணீரை வெளியேற்றும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி, ஒரு மாதம் காலையும் மாலையும் குறித்து, அளவு 60-ஐத் தாண்டாமல் நின்ற பிறகு கொண்டுவரலாம். அலமாரி வெளிச்சுவரோடு ஒட்டாமல் அரை அடியாவது தள்ளி, காலில் நிற்கட்டும். உட்சுவரோரம் கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும். ஒரே கனமான பூச்சாக அடித்தால் செதிலாக உரியும். பால் போல நீர்த்து, நாளுக்கு ஒன்றாக நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுவரை நனைத்துவிட்டு. வெண்மை தூக்கலாகத் தெரியக் கொஞ்சம் நீலம். வெளிச்சுவருக்கு ஆண்டுக்கொரு முறை தேவைப்படும். பொங்கலுக்கு முன் பனி இருக்கும் ஊர்களில் மார்ச்சுக்குத் தள்ளுங்கள். இந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் தேவையில்லை, நார் மட்டையும் ஊரில் நாலு இளைஞர்களும் போதும். பைச் சுண்ணாம்பின் பெரிய குறையாக நாங்கள் கருதுவது விலையைக்கூட அல்ல. பூச்சு உடைந்தால் ஒட்டுப்போட அதே பையையே மறுபடி தேட வேண்டியிருப்பதைத்தான். ஊறல் சுண்ணாம்பு டிரம் ஒன்று வீட்டின் பின்கட்டில் இருந்தால், விழுந்த இடத்தை அந்த வாரமே யாராலும் அடைத்துவிட முடியும்.

மலையில் கவிஞர் வீடு பங்களாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய கூடலூர், கோத்தகிரி லைன் வீடுகளிலும் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகள்) கவிதை எழுதியவர்கள் உண்டு. அந்த லைன் சிமென்ட் கல்லாக இருந்தால் சுண்ணாம்புக்கு ஒதுக்கிய பணத்தைக் கூரைக்கும் வாய்க்காலுக்கும் புத்தகத்துக்கும் போடுங்கள். கருங்கல்லும் மண்ணும் என்றால் மேலே சொன்னது அத்தனையும் பொருந்தும்.

வாங்குபவர்களுக்கு: பையின் உற்பத்தித் தேதி பார்த்து ஆறு மாதத்துக்கு உட்பட்டதை எடுங்கள். மலை ஈரத்தில் திறக்காத பையும் உள்ளேயே கட்டிபிடிக்கும். நான்கு மூலையையும் அழுத்திப் பார்த்து, கட்டி தட்டுப்பட்டால் திருப்பிவிடுங்கள். தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் அடுக்கி, பிரித்த பையை அன்றே தீர்த்துவிடுங்கள். முழுச் சுவருக்கும் ஆர்டர் கொடுக்கும் முன் இரண்டே பை வாங்கி, மழை அதிகம் படும் மூலையில் ஒரு கெஜம் சதுரம் பூசி ஒரு மழைக்காலம் விட்டுப் பாருங்கள்.